கொளுத்திப் பார்த்த போர்வை

ஃபெஸ் நகரத்தில் கற்றாழைப் பட்டு அசலா போலியா என்பதைக் கொளுத்தித்தான் பார்ப்பார்கள். கற்றாழை நாரில் நெய்தது என்றால் சாம்பலாகும், காகிதம் எரிந்த வாடை வரும். பிளாஸ்டிக் என்றால் உருகிச் சொட்டும். ஒரே ஒரு நூலை உருவிக் கொளுத்துவதுதான் வழக்கம். கடைக்காரர் ஹாஜி புஷைப் ஒரு நூலோடு நிற்கிற ஆள் இல்லை. சுற்றுலாக்காரர்கள் கை தட்டத் தொடங்கிய நாளிலிருந்து ரொட்டியைக் கொளுத்திப் பார்த்தார், புதினாத் தேநீரைக் கொளுத்திப் பார்த்தார், மாமனாரையும் கொளுத்திப் பார்த்தார். மாமனார் அசல் என்று தெரிந்ததில் குடும்பத்துக்கே பெருமை.

நெசவாளி அல்லால் அன்று தான் நெய்த நீலப் போர்வையோடு கடைக்கு வந்திருந்தான். ஹாஜி அதை வாங்கிக்கொண்டால் கடைக்குள் இருக்கும் அவருடைய தறி அவனிடமே இருக்கும். இல்லாவிட்டால் கழுதைக்குப் போய்விடும். பொதி சுமக்கிற அந்தக் கழுதை, சேணத்தைக் கழற்றி வைத்துவிட்டு வாசலில் காத்திருந்தது.

ஹாஜி போர்வையின் ஒரு மூலையில் லைட்டரை வைத்தார். சாம்பல் விழுந்தது.

"அசல்," என்றார். கூட்டம் கை தட்டியது.

"நான் பாக்கலையே," என்றாள் தொப்பி போட்ட ஒருத்தி.

அவளுக்காக இன்னொரு மூலையைக் கொளுத்தினார். அவள் புருஷன் அந்த நேரம் பார்த்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தானாம். அவனுக்காகவும் கொளுத்தினார். கடை இருந்த சந்து நீண்டுகொண்டே போனது. நூல் முறுக்குகிறவர்கள் சுவரோரமாக நூலை இழுத்துக் கட்டக் கட்ட அந்தச் சந்து நீளும். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. நீண்ட இடத்திலெல்லாம் பார்க்காதவர்கள் வந்து நின்றார்கள். பார்ப்பதற்கென்றே கடல் தாண்டி வந்து, பார்க்காமல் நிற்கிற ஜென்மங்கள்.

கடைசியில் அல்லாலின் கையில் நீலச் சாம்பல்தான் மிஞ்சியது.

"சரி, சரக்கு எங்கே?" என்றார் ஹாஜி.

"நீங்கதானே ஹாஜியாரே கொளுத்துனீங்க."

"வெறுங்கையை வீசிக்கிட்டு வந்திருக்கே. தறி கழுதைக்கு."

கழுதை உள்ளே போய்த் தறியில் உட்கார்ந்தது. நூல் சுற்றிய நாடாவை வீசியது. துணியின் கரை கோணாமல் நேராக வந்தது. அதைத்தான் அல்லாலால் பொறுக்க முடியவில்லை. பட்டினியைக்கூடப் பொறுத்திருப்பான்.

லைட்டரைப் பிடுங்கினான். "உங்களையும் பாத்துடுவோம்," என்று ஹாஜியின் சுண்டுவிரலில் வைத்தான்.

விரல் உருகிச் சொட்டியது. பிளாஸ்டிக் வாடை சந்து முழுக்க அடித்தது.

அல்லால் கூட்டத்தைப் பார்த்தான். இப்போதாவது இந்த மூஞ்சிகளுக்கு உறைக்கும் என்று நினைத்தான்.

"அடேயப்பா, என்ன பளபளப்பு!" என்றாள் தொப்பிக்காரி.

"கசங்காதும்மா. சாயமும் போகாது," என்றார் ஹாஜி. விரல் போன வருத்தம் அவர் முகத்தில் துளியும் இல்லை. ஹாஜிக்கே விலை பேசி இருவருக்கும் பேரம் படிந்தது. ஹாஜி தன்னைத் தானே நாலாக மடித்துக்கொண்டு மேஜைமேல் படுத்தார்.

"இதை யாரு தூக்கிட்டு வர்றது?" என்றாள் அவள்.

எல்லோரும் கழுதையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னைப் பாக்காதீங்க. வேலையா இருக்கேன்," என்றது கழுதை.

தறி போன மனிதனுக்கு அந்த ஊரில் வேறு வேலை எதுவும் காலியில்லை. அல்லால் சேணத்தை எடுத்து முதுகில் போட்டுப் பார்த்தான். தைத்து வைத்த மாதிரி பொருந்தியது. பொதியை ஏற்றிக் கட்டினார்கள். நகர வாயிலைப் பார்த்து நடந்தான்.

"மெதுவாப் போடா, மடிப்பு கலையுது," என்றார் ஹாஜி முதுகிலிருந்து.

"வழி! வழி விடுங்க!" என்று அல்லால் கத்தினான்.

பட்டு வியாபாரிகளும் பெரிய மனிதர்களும் அங்கியைச் சுருட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்கள். நெசவாளியாக இருந்தவரை அந்த ஊரில் ஒரு நாய்கூட அவனுக்கு ஒதுங்கி நின்றதில்லை.