இடது காலில் பன்னிரண்டு கிலோமீட்டர்

என் இடது காலைத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எடுப்பதாக இருந்தது. ஆனால் அதில் இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் மிச்சம் இருந்தது. மிச்சம் உள்ள காலை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

சேர்க்கை கவுண்டரில் இருந்த பெண் குனிந்து, என் கணுக்காலில் காதை வைத்துக் கேட்டு, அந்த எண்ணைச் சொன்னாள். பத்து என்று போட்டுக்கொள்ளச் சொன்னேன். பன்னிரண்டு என்றாள். பதினொன்று என்றேன். பன்னிரண்டு என்றாள். விருதுநகரில் முப்பது வருஷமாக மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கிறேன். சொன்ன விலையிலேயே நிற்கும் ஆட்களை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அவளுடைய காது நேர்மையான காது என்று தெரிந்தது.

டாக்டர் எமல்டாவின் அறை தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. தாழ்வாரம் காலையிலிருந்தே நீண்டுகொண்டிருந்தது. நடந்தால் கிலோமீட்டர் செலவாகிவிடும் என்று என் மனைவி சண்முகக்கனி என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளினாள். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி மோர் குடித்தாள்.

டாக்டரம்மா என் காலில் நீலப் பேனாவால் இரண்டு கோடு போட்டார். ஒன்று முழங்காலுக்கு மேலே. இன்னொன்று கீழே.

"முட்டு தங்கணும்னா அதுக்கு ரெண்டு கிலோமீட்டர் வேணும், அண்ணாச்சி. சரியா ரெண்டு இருந்தா இந்தக் கீழ்க்கோடு. குறைஞ்சா மேல்கோடு."

"கூடினா?"

"கூடினா கால் அடங்கிப் படுக்காது. கீழ்க்கோட்டுல கத்தியே வைக்க முடியாது."

முழங்கால் இருந்தால் கட்டைக்கால் மாட்டிக்கொண்டு மண்டிப் படி ஏறலாம். சைக்கிள்கூட மிதிக்கலாம். இல்லாவிட்டால் நான் ஏற முடியாது, என்னை ஏற்ற வேண்டும். வத்தல் மூட்டைகளை அப்படித்தான் ஏற்றுகிறோம். அவை என்ன நினைக்கின்றன என்று அன்றைக்குத்தான் முதல் முறையாக யோசித்தேன்.

மிச்சத்தை வீணாகச் செலவழிக்கக் கூடாதாம். தர்மத்துக்குத்தான் செலவழிக்கலாமாம். ஒரு படிவம் கொடுத்தார். தர்ம சைக்கிள் பயணம். ஞாயிற்றுக்கிழமை காலை. குறைந்தது இருபது சைக்கிள். பயன் பெறுபவர் ஒருவர்.

பயன் பெறுபவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தபால்காரம்மா அமராவதி நின்றுகொண்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், வீட்டுக்குப் போகும் வழியில் அவருடைய கிலோமீட்டர் அங்கேயே தீர்ந்துபோயிற்று. அன்றிலிருந்து பையும் கையுமாக அங்கேயே நிற்கிறார். வெயில் ஏறினால் கடைக்காரர்கள் குடை பிடிப்பார்கள். அவரைப் போன்றவர்களை வீட்டுக்கு ஏற்றிப்போக, ஆபரேஷனுக்கு நாள் குறித்த காலுக்கு மட்டுமே தகுதி உண்டு என்று படிவத்தின் பின்பக்கம் அச்சடித்திருந்தது.

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. பையைத் துழாவி ஒரு பழுப்பு உறையைப் பாதி வெளியே எடுத்துக் காட்டினார்.

"உங்களுக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால் கிடக்கு, அண்ணாச்சி."

கையை நீட்டினேன்.

"உங்களுக்குன்னா உங்களுக்கு இல்ல. உங்க இடது காலுக்கு."

யார் அனுப்பியது என்று கேட்டேன். தான் வீட்டுக்குப் போய் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வந்த பிறகுதான் பட்டுவாடா என்று உறையை உள்ளே தள்ளிவிட்டார். உறை கனமாக இருந்தது. நாலைந்து பக்கம் இருக்கும். என் காலுக்கு அத்தனை பக்கம் எழுதும் அளவுக்கு யாரோடு பழக்கம் என்று எனக்குத் தெரியவில்லை.

அவருக்குப் பக்கத்தில் மஞ்சள் தலையுள்ள கிலோமீட்டர் கல் ஒன்று நின்றது. 'அமராவதி வீடு 11' என்று எழுதியிருந்தது.

பன்னிரண்டில் பதினொன்று போனால் ஒன்று. முழங்காலுக்கு வேண்டியது இரண்டு. பத்தாவது கிலோமீட்டரில் இறக்கிவிட்டால் சம்மதமா என்று கேட்டேன்.

"பத்துல இறக்கிவிட்டா பத்துல நிப்பேன்" என்றார் அமராவதி.

வீட்டுக்கு வந்து சண்முகக்கனியிடம் சொன்னேன். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இல்லை.

ஆகவே கல்லோடு பேசுவது என்று முடிவு செய்தேன். எங்கள் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். பிடித்த விரல்தான் எண். துண்டு போடுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் வாயால் சொல்லிவிட வேண்டும்: எதைப் பற்றி அந்த எண், எப்படி அந்த எண். விரலுக்கு அது தெரியாது. துண்டை எடுத்த பிறகு பேச்சை மாற்றுகிறவன் வியாபாரி இல்லை.

ஞாயிறு காலை நாற்பத்து மூன்று சைக்கிள் வந்தன. முடிவில் ரோஸ் மில்க் உண்டு என்று சொல்லியிருந்தேன். பக்கத்து மண்டி பால்ச்சாமி மட்டும் சைக்கிளில் வரவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் தராசாக இருக்கிறார். அவருடைய மருமகன் கேரியரில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். தராசான பிறகுதான் பால்ச்சாமியின் எடை சரியாக இருக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவரும் முள்ளை அசைத்துச் சிரித்தார்.

நான் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து துண்டைப் போட்டேன். உள்ளே கையை விட்டேன். கல்லுக்கு விரல்கள் இருந்தன. சொரசொரப்பாக, வெயில் படாத ஜில்லிப்போடு இருந்தன. அதன் ஒரு விரலைப் பிடித்தேன். கல் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு என் ஒரு விரலைப் பிடித்து அழுத்தியது. இத்தனை சுலபமாக ஒருவரும் எனக்குப் படிந்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

துண்டை எடுத்தேன். கல்லில் 'அமராவதி வீடு 1' என்று எழுதியிருந்தது.

ஒன்றைக் குறைக்க என்று நான் வாயால் சொல்லவில்லை. கல் ஒன்றாக ஆக்கிவிட்டது. இந்தத் தப்பைப் பண்ணின கணக்குப்பிள்ளை ஒருவரை நானே மண்டியை விட்டு அனுப்பியிருக்கிறேன். நாற்பத்து மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

அமராவதி என் கேரியரில் ஏறிக்கொண்டார். மிதித்தேன். சர்க்கரை வியாதியில் கறுத்துப்போன கால், வியாதி தனக்கில்லை என்பதுபோல மிதித்தது. ஐந்து நிமிஷத்தில் அவர் வீட்டு வாசலே வந்துவிட்டது. நடுவில் இருந்த இரண்டு பெட்ரோல் பங்க்கும் ஒரு கல்யாண மண்டபமும் எங்கே போயின என்று தெரியவில்லை. மண்டபத்தில் அன்று முகூர்த்தம். தாலி கட்டியாயிற்று, பந்திதான் காணோம் என்று பிற்பாடு சொன்னார்கள்.

அமராவதி கதவைத் திறந்து உள்ளே ஓட்டமாகப் போனார். இரண்டு வருஷத்துக்கு முன் அடுப்பில் வைத்துவிட்டுப் போன பால் பொங்கப் போகும் நேரம். சரியாக இறக்கி வைத்தார்.

எல்லோரும் ரோஸ் மில்க் குடித்தார்கள். இதற்குப் போய் டயருக்குக் காற்று அடித்தோமே என்று சிலர் குறைப்பட்டார்கள். நான் இடது காலைத் தூக்கிப் பால்ச்சாமியின் தட்டில் வைத்தேன். முள் பதினொன்றில் நின்றது. ஒன்பது கூடுதல். அமராவதியின் வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். முள் நகரவில்லை. தர்மம் முடிந்த பிறகு ஓட்டுவது கணக்கில் சேராதாம்.

திங்கட்கிழமை காலை தாழ்வாரம் நீளவில்லை. எனக்காகவே சுருங்கி நின்றது போல் இருந்தது. ஆபரேஷன் மேஜையில் படுத்தேன். கவுண்டர் பெண் கணுக்காலில் காதை வைத்தாள். பதினொன்று என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கால் மேஜையில் படுக்காமல் காற்றில் பெடல் மிதித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் எமல்டா கையுறை போட்டுக்கொண்டே வந்தார். காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப மேல்கோடுதான், அண்ணாச்சி. தொடையோட எடுத்துட்டா பதினொண்ணும் சேந்து அடங்கிரும்."

அவருடைய அப்பா என்ன தொழில் என்று கேட்டேன். மாட்டுத் தரகர் என்றார். அப்படியானால் துண்டு இருக்கிறதா என்று கேட்டேன். டாக்டரம்மா தட்டிலிருந்த பச்சைத் துணியை எடுத்து எங்கள் கைகளின் மேல் போட வந்தவர், போடாமல் நிறுத்தினார்.

"மொதல்ல வாயால சொல்லுங்க."

"முட்டுக்குக் கீழே. எத்தனை விரற்கடைன்னு மட்டும் விரல்ல."

"மிச்சம் ஒன்பது?"

"அதைக் காலே கொண்டுபோகட்டும்."

"தனியாவா? யாரு பொறுப்பு?"

"நான் கூடப் போறேன்" என்றது ஒரு குரல். வாசலில் என் சைக்கிள் நின்றது. கேரியரில் அமராவதி பையோடு உட்கார்ந்திருந்தார். சண்முகக்கனி தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். வீட்டுக்குப் போவதற்குத்தான் விதி. வீட்டிலிருந்து வருவதற்கு விதி இல்லை. இரண்டு வருஷத்துத் தபால் தேங்கிக் கிடக்கிறது, ஒன்பது கிலோமீட்டர் இருந்தால் மேலத்தெருவையாவது முடித்துவிடலாம் என்றார் அமராவதி.

டாக்டரம்மா துணியைப் போட்டார்.

முதலில் என் இரண்டு விரலைப் பிடித்தார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கட்டைக்கால் மாட்ட முட்டுக்குக் கீழே இரண்டு விரல் அகலம் போதாது. அவருடைய விரல்களில் நான்கைப் பிடித்தேன். அவர் மூன்றுக்கு வந்தார். நான் நான்கிலேயே நின்றேன். சொன்ன விலையிலேயே நிற்பதும் சில சமயம் நல்லதுதான் என்று தோன்றியது. துணிக்குள் நடந்ததை வெளியே சொல்வது வியாபார வழக்கம் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். கடைசியில் அவர் என் கையை முழுதாக, ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். நான் கேட்டதைவிட ஒன்று கூடுதல். முப்பது வருஷத்தில் அப்படிப்பட்ட வியாபாரத்தை நான் பார்த்ததில்லை. பிடித்த கையைக் கொஞ்ச நேரம் விடவும் இல்லை.

வலிக்கவில்லை. இடது கால் மேஜையை விட்டு இறங்கிப் போய் பெடலில் ஏறிக்கொண்டது. அமராவதி பழுப்பு உறையை எடுத்து அதன் பெருவிரல் இடுக்கில் செருகினார். கால் உறையை அழுத்திப் பிடித்துக்கொண்டது.

"என்ன எழுதியிருக்கு அதுல?" என்று கேட்டேன்.

"அது காலோட தபால், அண்ணாச்சி" என்றார் அமராவதி.

இரண்டு தரம் மணி அடித்தது. சைக்கிள் தாழ்வாரத்தில் திரும்பி வெயிலுக்குள் போயிற்று. கால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அதனிடம் எதுவும் இல்லை.

கவுண்டர் பெண் மறுபடி வந்தாள். இந்த முறை முழங்காலில் காதை வைத்தாள். இரண்டு என்று எழுதிக்கொண்டு போனாள்.

பச்சைத் துணிக்குள் முழங்காலை மடக்கிப் பார்த்தேன். மடங்கியது. துணி ஒரு முழம் எழும்பி நின்றது. நீட்டினேன். துணி தணிந்தது.

சண்முகக்கனி கிட்டே வந்து நின்று பார்த்தாள். இன்னொரு தடவை மடக்கச் சொன்னாள்.

மடக்கினேன்.