போதும் என்று சொல்கிறவள்

என் வீட்டுக்காரர் வரைகிற படங்களில் ஆளும் இருக்காது, மரமும் இருக்காது. வெறும் நிறம்தான். நீலத்தின் மேல் கறுப்பு, அதைச் சுரண்டினால் மஞ்சள். கல்யாணமான புதிதில் "இது என்னங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல, சும்மா பாரு" என்றார். பார்த்தேன். ஒன்றும் இல்லைதான்.

அவருக்கு ஆரம்பிக்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. விட்டால் பூசிப் பூசி எல்லாவற்றையும் சேறாக்கிவிடுவார். நிறுத்துகிற வேலை என்னுடையது. தையல் கடையிலிருந்து மாலை ஆறு மணிக்கு வந்து, பின்னறை வாசலில் நின்று, "போதும், கைய எடுங்க" என்பேன். தூரிகையைக் கீழே வைத்துவிடுவார். அதற்குமேல் அந்தப் படத்தைத் தொடமாட்டார். இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான்.

எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த ஓவியர் என்று பத்திரிகையில் எழுதினார்கள். "கண்ணு இவளோடது, கை மட்டும்தான் என்னோடது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு இந்த வருஷம் அவருக்குத் தனிக் கண்காட்சி அமைந்தது. முன்சுவருக்கு ஒரு பெரிய படம் மட்டும் பாக்கி. கண்காட்சி நடத்துகிற அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். டீ குடித்துக்கொண்டே, "எப்படிம்மா சரியா அந்த இடத்துல நிறுத்தச் சொல்றீங்க?" என்று கேட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?

"பெரிய ரகசியம் எல்லாம் இல்லைங்க. சாப்பிடக் கூப்பிட்டா வரமாட்டாரு, போதும்னாத்தான் வருவாரு. எனக்குப் பசி தாங்காதப்போ சொல்லிருவேன்."

அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். பிறகு கூடத்தில் மாட்டியிருந்த பழைய படத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாலை வாசலில் நின்று "போதும்" என்றேன். "நீ சாப்பிடு, எனக்கு நேரமாகும்" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருப்பேன். பூசினார், சுரண்டினார், மறுபடி பூசினார். மூன்று வாரத்தில் அந்தக் கித்தான் காய்ப்புக் காய்த்த குதிகால் மாதிரி தடித்துப்போனது.

கண்காட்சிக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் நான் சாப்பிட்டுவிட்டு, அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். சாம்பல் நிறத்துக்கு நடுவே, கொஞ்சம் இடது பக்கமாக, ஒரு சிவப்பு மேலேறி நின்றது. அது என்ன என்று கேட்டால் இன்றும் சொல்லத் தெரியாது. ஆனால் அதற்குமேல் ஒரு பொட்டு வைத்தாலும் கெட்டுவிடும் என்று தெரிந்தது.

"ஏங்க, போதும்."

அவர் திரும்பவில்லை.

"நான் சாப்பிட்டாச்சுங்க. பசியில சொல்லல. நெஜமாவே போதும்."

"தெரியுது. பாவம் பாத்துச் சொல்ற."

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டார். அகலத் தூரிகையில் சாம்பல் நிறத்தை எடுத்து, அந்தச் சிவப்பை மேலிருந்து கீழே வரை மூடினார். நான் உட்கார்ந்து அழுதேன்.

"எதுக்கு அழற? ஒரு சுவரு காலியா இருந்தா ஒண்ணும் ஆயிடாது" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.