விழுந்த சுவர் செல்லாது

லவோதிக்கேயா நகரத்து யூதர்கள் புதிதாக ஜெப ஆலயம் கட்டக் கூடாது. இருப்பதை அழகுபடுத்தவும் கூடாது. அனுமதி வாங்கி, விழப்போகும் சுவருக்கு முட்டுக் கொடுக்கலாம். சுவர் விழுந்தேவிட்டால், திரும்ப எழுப்புவது புதுக் கட்டடம், அதுவும் குற்றம். கிறிஸ்தவரான ரோமப் பேரரசரின் சட்டம் அப்படி.

ஜெப ஆலயத்தின் வடக்குச் சுவர் பிளந்திருந்தது. பார்வையிட அதிகாரி வரும் வாரத்தில்தான் பஸ்கா பண்டிகையும் வந்தது. மத்ரோனாவும் மற்ற பெண்களும் வழக்கம்போல மண்டபத்தைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள். பண்டிகைக்கு அழுக்குச் சுவரை விட்டுவைத்து அவர்களுக்குப் பழக்கமில்லை. பிளவு வெள்ளைக்குள் மறைந்துபோனது.

மத்ரோனாவின் அண்ணன், கொத்தனார் பரிகோரியோஸ், வந்து பார்த்துத் தலையில் கை வைத்தான்.

"வைத்தியர் வர்ற நேரத்துல நோயாளிக்குக் கல்யாண அலங்காரமா?"

"பண்டிகைன்னா அடிக்கத்தானே செய்வோம். நீ எங்க போயிருந்தே?"

"பிஷப் வீட்டுல சுவர் கட்டிட்டிருந்தேன்."

அவள் சுண்ணாம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

அதிகாரி மறுநாள் வந்தார். உள்ளே நாலாபுறமும் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு, பளிச்சுன்னு. இதுவே அழகுபடுத்தறதுதான், தெரியுமா?"

"உள்ள பிளந்திருக்குங்க ஐயா," என்றான் பரிகோரியோஸ்.

"நீ சொல்றதையெல்லாம் நான் எழுத முடியாது. என் கண்ணுக்குத் தெரியணும்."

மத்ரோனா இடுப்புச் சாவியை எடுத்துச் சுவரைச் சுரண்டினாள். சுண்ணாம்பு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. பிளவுக்குள் முழங்கைவரை கையை விட்டாள்.

"கிட்ட வந்து பாருங்க ஐயா."

மேலிருந்து மண் உதிர்ந்தது. அதிகாரி வாசலுக்கு வெளியே போய்விட்டார்.

"நல்லாத்தானே இருக்குன்னீங்க. உள்ள வாங்க."

"வாய் ஜாஸ்தி உனக்கு." அவர் அங்கிருந்தபடியே எழுத்தரிடம் திரும்பினார். "மரத்துல முட்டுக் கொடுக்கலாம்னு எழுது. இதோ பாரு கொத்தனாரே, புதுசா ஒரு கல் இருந்தாலும் இந்தக் கட்டடம் உங்களோடது இல்ல."

அவர் போனதும் உத்திரங்கள் வந்தன. ஊருக்கெல்லாம் கல் வைத்தவன், தான் ஜெபிக்கும் இடத்தில் மரத்தைச் சாய்வாக நிறுத்தினான். அது நழுவாமல் மத்ரோனா தோள் கொடுத்தாள்.

"எவ்வளவு நாள் தாங்கும் அண்ணே?"

"ஒரு மழைக்காலம் தாங்கும்."

"அப்புறம்?"

"இன்னொரு மரம். மறுபடி அந்த ஆளு."

"வரட்டும். அடுத்த தடவை அவனைச் சுவரோரமா உட்கார வச்சு, நல்லாத்தானே இருக்குன்னு கேக்கறேன்," என்றாள் மத்ரோனா. "நீ ஆப்பை அடி."