குழாயடியில் ஒரு கதிரை

தொழுகைக்கு முன் ஒளு எடுக்கப் பள்ளிவாசல் தொட்டியடியில் குந்தினால், தொழுகை முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் ஸெய்னுதீன் கை கழுவிக்கொண்டேயிருப்பார். சுத்தம் போதவில்லை என்ற பயம். விரல்கள் வெடித்து, உப்புத் தண்ணீர் பட்டால் எரிந்தது. கடலுக்குப் போவதையும் விட்டுவிட்டார்.

"தொழவும் ஏலாத நான் என்னத்துக்கு உசிரோட?" என்று அவர் சொன்ன அன்று மனைவி நஜ்முன் நிஸா நடுங்கிப்போனாள். மாதம் ஒருமுறை திருகோணமலைக்கு மனவருத்தம் பார்க்கும் டொக்டர் வருகிறார் என்று கேள்விப்பட்டு அங்கே வரச்சொல்லிக் கணவரை மன்றாடினாள்.

"ஒருக்கா வாறன். சரிவராட்டி இனிக் கேக்கப்படாது."

கிண்ணியாத் துறையைக் கடக்கும்போது எதற்குப் பயணம் என்று ஊரார் கேட்டார்கள். "கண்ணுக்குப் போறம்" என்றாள். ஆஸ்பத்திரி வாசலிலும் அதே பொய்தான் வாயில் வந்தது. கண் பார்க்கும் வரிசையில் இருத்திவிட்டார்கள். சரியான இடத்தைக் கேட்க அவளுக்கு நா எழவில்லை. வெயில் ஏறியது.

வரிசையில் கடலை விற்றுவந்த கனகம்மா, ஸெய்னுதீனின் விரல்களைப் பார்த்தாள்.

"கண்ணுக்கு வந்தவருக்குக் கையிலயல்லோ வருத்தம்?"

நஜ்முன் நிஸா தலைகுனிந்தாள். கனகம்மா அருகில் குந்தினாள்.

"என்ர மகளைக் கூட்டிவந்த அண்டைக்கு நானும் பல்லுக்கெண்டுதான் சொன்னனான், தங்கச்சி. நல்ல பல்லொண்டு போகப் பாத்தது. எழும்புங்கோ, இடத்தைக் காட்டுறன்."

பின்பக்கம், வேப்பமரத்துக்குக் கீழே பெயர்ப்பலகை இல்லாத ஒரு சிறிய அறை. அதன் வாசலில் ஒரு தண்ணீர்க் குழாய். அதைக் கண்டதும் ஸெய்னுதீன் நின்று கை கழுவத் தொடங்கிவிட்டார்.

"இஞ்சாருங்க, போதும். டொக்டர் போகப் போறாராம்."

"தொடாத! இன்னும் ஒருக்கா."

உள்ளே யன்னல்களைச் சாத்தும் சத்தம் கேட்டது. கனகம்மாவையும் காணவில்லை. நஜ்முன் நிஸா மரத்தைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லாஹ்" என்றாள்.

கனகம்மா உள்ளேயிருந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் டொக்டர் இரத்தினசிங்கம், தானே ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைக் குழாயடி ஈரத்தில் போட்டு உட்கார்ந்தார். குழாயை அவர் பூட்டவில்லை.

"கழுவுங்கோ. கழுவிக்கொண்டே கதைப்பம்."

ஸெய்னுதீன் கழுவிக்கொண்டே கேட்டார்.

"நான் விசரனா, சேர்?"

"இல்லை. ஒரு கோயில் ஐயருக்கும் இதே கரைச்சல். கிணத்தடியை விட்டு வர ஏலாமல் நிண்டவர். மருந்து எடுத்தார், என்னோட கதைச்சார். இப்ப பூசை செய்யிறார்."

ஸெய்னுதீன் முதன்முறையாக நிமிர்ந்தார்.

"அவர் இப்ப ஒருக்காவா குளிக்கிறார்?"

"ரெண்டுதரம். கடவுள் கோவிக்கமாட்டார் எண்டு நினைக்கிறன்."

ஸெய்னுதீனின் தாடிக்குள் ஒரு சிரிப்பு வந்து போனது. குழாயைப் பூட்டினார். மீண்டும் திறந்து விரல்நுனிகளை நனைத்துவிட்டுப் பூட்டினார். கனகம்மா தன் துவாயை நஜ்முன் நிஸாவிடம் கொடுக்க, அவள் அவருடைய கைகளை மெல்ல ஒற்றினாள். ஆண்டவன் தன் இரக்கத்தைச் சில நேரம் கடலை விற்பவளின் துவாயிலும் அனுப்புகிறான்.

"அடுத்த மாசமும் வரோணுமா, சேர்?"

"வரோணும்."

"வாறன்" என்றார் ஸெய்னுதீன். பிறகு, டொக்டரின் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு அறைக்குள் நடந்தார்.