மூன்று பல் சீப்பு

ஆலை வாசலில் ஒட்டியிருந்த காகிதத்தை எழுத்துத் தெரிந்த ஒருவன் உரக்கப் படித்தான். தறிக்காரன் வேம்பு கேட்டுக்கொண்டு நின்றான். நாற்பது வயது தாண்டிய தறிக்காரர்கள் எல்லோருக்கும் சனிக்கிழமை கண் பரிசோதனை. பெரிய கடை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும், ஊரார் பிரெஞ்சு மரியாதையில் முசே என்று கூப்பிடும் அமலநாதன் ஆலைக்கே வந்து பார்ப்பார். அவர் மாட்டும் அட்டையில் நாலாம் வரிசை வரை பார்த்துச் சொல்லாதவனுக்குத் தறியில் வேலை இல்லை.

"எட்டு மணி நேரத்துக்கு மேல வேல வாங்கக் கூடாதுன்னு சட்டம் ஆயிப்போச்சில்ல, மொதலாளிங்களுக்கு அந்தக் கடுப்பு. ஆளக் கழிக்க வழி தேடறானுவ" என்றான் பக்கத்துத் தறி சூசை.

வேம்புக்கு நாற்பத்து மூன்று வயது. இருபத்திரண்டு வருஷமாகத் தறியில் நிற்கிறவன். போன மாதம் இரண்டு முறை அறுந்த இழையைக் கவனிக்காமல் ஓட விட்டு, துணியில் முழ நீளத்துக்குக் கோடு விழுந்துவிட்டது. மேஸ்திரி இராமதாஸ் துணியை அவன் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்து, "கண்ண வூட்ல கயட்டி வெச்சிட்டு வந்தியாடா?" என்றார். தறிக்கூடமே சிரித்தது. அன்றிலிருந்து வேம்புக்குத் தன் கண்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. தூரத்தில் வருகிற ஆள் கொஞ்சம் கலங்கித் தெரிந்தாலும் பார்வை போச்சு என்பான். பஞ்சுத் தூசி எல்லோர் கண்ணையும் கலக்கும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

அவன் மனைவி ஆயம்மா அரிசி மண்டியில் கல் பொறுக்குகிறவள். விஷயத்தைக் கேட்டதும் அழவில்லை, யோசித்தாள்.

"அந்த அட்ட இப்ப எங்க கீது?"

"அவரு கடையிலதான் தொங்கும்."

"கடையில தொங்கறத நான் போய்ப் பாத்தா யார் கேக்கப் போறா? பாத்து மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒனக்குச் சொல்றேன். நீ ஒப்பிச்சிட்டு வா."

கண்ணாடி வாங்கினால்தான் அமலநாதன் கடையில் காசு, சோதனைக்குக் கிடையாது. மறுநாள் மண்டிக்குப் போகும் வழியில் ஆயம்மா அங்கே நுழைந்தாள். கண் எரிகிறது என்றாள். அமலநாதன் அவளை நாற்காலியில் உட்கார வைத்து எதிர்ச் சுவரைக் காட்டினார். எழுத்துத் தெரியாதவர்களுக்கென்று பாரீஸிலிருந்து வரவழைத்த அட்டை அது. எழுத்துக்குப் பதிலாக மூன்று பல் வைத்த சீப்பு மாதிரி ஓர் உருவம், பெரிதிலிருந்து சிறிதாக, வரிசை வரிசையாக இருந்தது.

"பல்லு எந்தப் பக்கம் பாக்குதுன்னு கையால காட்டு."

ஆயம்மா கடைசி வரிசை வரைக்கும் தயங்காமல் காட்டினாள்.

"ஒனக்கு ஒண்ணும் இல்லம்மா. கப்பல் துறைக்கு வர்றதுக்கு முன்னாடியே அதுல யார் நிக்கறான்னு சொல்லிடுவ" என்றார் அமலநாதன்.

மறுநாள் தலைவலி என்று போனாள். அதற்கு மறுநாள் கண்ணில் தண்ணீர் வடிகிறது என்று போனாள்.

"ஒனக்கு நோவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இந்த நாற்காலிமேலதான் ஆச" என்று அவர் விரட்டியபோது அவளுக்கு நாலு வரிசையும் பாடமாகியிருந்தது.

இடது, வலது என்று சொல்லும் வழக்கம் ஆயம்மாவுக்கு இல்லை. ஊரில் எதற்கும் கிழக்கே என்றால் கடல் பக்கம், மேற்கே என்றால் வில்லியனூர் பக்கம் என்றே சொல்லிப் பழகியவள். அப்படியே புருஷனுக்கும் சொல்லிக் கொடுத்தாள். முதல் வரிசை மேலே. இரண்டாவது கீழே, மேலே. மூன்றாவது கடல், கீழே, வில்லியனூர். நாலாவது வில்லியனூர், கடல், மேலே, கடல். அடுப்படியிலும் கிணற்றடியிலும் கேட்டுக் கேட்டு ஒப்பிக்க வைத்தாள். "எத்தினி தரம் திருப்பிக் கேட்டாலும் மாத்திச் சொல்லாத. கொழப்பி வுடத்தான் கேப்பாங்க" என்றாள்.

வேம்பு சூசையையும் கூப்பிட்டான். சூசை கையை உதறினான். "பாடம் படிச்சிப் பரீட்ச எழுதற வயசாடா இது? தெரிஞ்சா தெரியுது. இல்லன்னா மாதா பாத்துக்குவா."

சனிக்கிழமை ஆலை அலுவலக அறையில் இருநூறு பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். அமலநாதன் காலையிலிருந்து நின்றபடியே பார்த்துக் களைத்திருந்தார். பக்கத்தில் மேஸ்திரி இராமதாஸ் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வேம்பு உட்கார்ந்தான். முதல் வரிசை, மேலே. சரி. இரண்டாவது கீழே, மேலே. அதுவும் சரி.

மூன்றாவது வரிசைக்கு வந்ததும் அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடலைப் பார்க்க வேண்டிய பல் வில்லியனூரைப் பார்த்து நின்றது. வெளுத்த துணியில் விழுந்த கறை மாதிரி பளிச்சென்று தெரிந்தது. வேம்பு கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். அப்படியேதான் நின்றது.

போன கண் எதைத்தான் ஒழுங்காகக் காட்டும் என்று நினைத்தான். ஆயம்மா மூன்று நாள் போய்ப் பார்த்தவள். படி அரிசியில் ஒரு கல் தப்ப விடாதவள்.

"கடல் பக்கம்" என்று கையை நீட்டினான்.

"நல்லாப் பாத்துச் சொல்லு" என்றார் அமலநாதன்.

திருப்பிக் கேட்பார்கள் என்று அவள் சொன்னது நடந்துவிட்டது. வேம்புக்குத் தைரியம் வந்தது. "கடல் பக்கம்தாங்க முசே" என்றான் உறுதியாக. மீதியையும் நாலாம் வரிசையையும் கண்ணை அட்டையில் வைத்தபடி மனசிலிருந்து எடுத்து ஒப்பித்தான். அமலநாதன் காகிதத்தில் ஏதோ குறித்தார். இராமதாஸ் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேனில்ல" என்றார்.

அவனுக்கு அடுத்து உட்கார்ந்த சூசை, கண்ணை இடுக்கி, தலையைச் சாய்த்து, தெரிந்ததைத் தெரிந்தபடி காட்டினான். நாலாம் வரிசையோடு நின்றுவிட்டான். அது போதுமாக இருந்தது. சூசைக்குத் தறி இருந்தது, வேம்புக்கு இல்லை.

அன்று சாயங்காலம் வேம்பு வாசலிலேயே நின்று கத்தினான். "மூணு நாளு போய் இன்னாத்தடி பாத்துட்டு வந்த? தப்புத் தப்பா சொல்லிக் குடுத்து என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே!" தெரு முழுக்கக் கேட்டது. அன்றும் மறுநாளும் ஆயம்மா சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை கடை திறந்ததும் அவனை இழுத்துக்கொண்டு போய் அமலநாதன் முன்னால் நிறுத்தினாள். அட்டை பழைய இடத்தில் தொங்கியது. அட்டையைப் பார்க்காமல், அவன் பக்கம் திரும்பி நின்று, நாலு வரிசையும் கை நீட்டிச் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அமலநாதன் அவளையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நெற்றியில் கை வைத்தார்.

"ஆலையில வடக்குச் சொவரு பூரா ஜன்னலும்மா. அதனால அட்டயத் தெக்குச் சொவுத்துல மாட்டுனேன். இங்க வடக்க பாத்து ஒக்காந்தா கடல் சோத்துக்கைப் பக்கம். அங்க தெக்க பாத்து ஒக்காந்தா பீச்சாங்கைப் பக்கம். இங்க கடலப் பாத்த பல்லு அங்க வில்லியனூரப் பாக்கும்."

அமலநாதன் அட்டையைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டினார். "இப்ப ஒனக்கு இன்னா தெரியுதோ அத மட்டும் காட்டு."

வேம்பு காட்டினான். நாலாவதும் தாண்டி ஐந்தாவது வரிசையில் பாதி வரைக்கும் காட்டினான்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. கண்ணாடிகூட வேணாம்."

"அப்ப அத எழுதிக் குடுங்க முசே" என்றாள் ஆயம்மா.

அமலநாதன் கைக்குட்டையை எடுத்து, மேஜைமேல் கிடந்த கண்ணாடி ஒன்றைத் துடைக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேம்மா. கழிச்ச பேரு அறுபத்தேழு. ஒருத்தனப் பாத்தது தப்புன்னு நான் எழுதுனா, நாளைக்கு மிச்சம் அறுபத்தாறு பேரும் இங்க வந்து நிப்பான். அப்பறம் என் சோதனைக்கு இன்னா மதிப்பு?"

தெருவில் இறங்கி நடந்தபோது ஆயம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அன்னிக்கு ஒனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

அவள் அப்புறம் அவனோடு சேர்ந்து நடக்கவில்லை. பத்தடி முன்னால் போய்விட்டாள்.

எந்த ஆலையும் கழித்துவிட்ட ஆளை எடுக்கவில்லை. அடுத்த மாதம் வேம்பு அரிசி மண்டியில் பெண்களோடு உட்கார்ந்தான். பெண்களுக்குக் கொடுக்கிற கூலிதான் அவனுக்கும். முதல் வாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள், அவன் முறத்தைப் பார்த்த பிறகு சிரிப்பதை விட்டார்கள். அவர்கள் பார்த்து முடித்த அரிசியிலிருந்தும் அவன் கல் எடுத்தான். அரிசி நிறத்திலேயே, அரிசியிலும் பொடிசாக இருக்கும் கல்.

"இன்னா கண்ணுய்யா ஒனக்கு!" என்றாள் பக்கத்திலிருந்த செல்வாம்பாள். "இப்பேர்ப்பட்ட ஆள ஆலையில ஏன் நிறுத்துனாங்க?"

வேம்பு குனிந்து அடுத்த கல்லைத் தேடினான். அந்தப் பக்கத்து முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் ஆயம்மா பதில் சொன்னாள்.

"கண்ணு தெரியலன்னு."

மண்டியில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.