காயாமல் கொண்டுபோன சுருட்டு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஒரு பின்னேரம் அது ஒரு கறுப்புப் பொலித்தீன் பையில் என் வீட்டுக்கு வந்தது. கொண்டுவந்தவள் சுவர்ணா. சண்டையில் இடம்பெயர்ந்து வந்து கொக்குவிலில் எங்கள் வளவுக்குப் பின்னால் குடியிருந்த காலத்திலிருந்தே அவளைத் தெரியும். சொந்த ஊரான மயிலிட்டிக்குத் திரும்பிப் போகலாம் என்று இராணுவம் விட்டதும் போய்விட்டாள். பைக்குள் சில கட்டுச் சுருட்டு இருந்தது.

"மாஸ்ரர், இதைப் பிளேனிலை உடையாமல், காயாமல் கொண்டுபோறது எப்பிடி?"

எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அவள் நினைப்பு. எனக்குச் சுருட்டுப் பழக்கமே கிடையாது. பிளேனில் ஏறியதும் ஒரே ஒரு தரம்தான். ஆனாலும் அவள் தேத்தண்ணியைக் குடித்து முடிப்பதற்குள் என் மனதில் முதல் வரி வந்துவிட்டது:

'யாழ்ப்பாணத்துச் சுருட்டின் மணம் கடல் கடந்தது. அதன் வரலாற்றைப் புரட்டினால்…'

(வெட்டிவிட்டேன். அவள் வரலாறு கேட்டு வரவில்லை.)

2

சுருட்டு அவளுடைய தமையன் சிவரூபனுக்கு. மயிலிட்டியில் வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர். கரைக்கு வந்து வலையை உதறிக் காயப்போட்ட பிறகுதான் சுருட்டைப் பற்றவைப்பார். அதுவும் கொக்குவில் சுருட்டாக இருக்கவேண்டும். தொண்ணூறில் ஊரே கிளம்பியபோது தாயையும் சுவர்ணாவையும் கொக்குவிலில் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளிநாட்டுக்குப் புறப்பட்டவர். நோர்வேயின் வடக்குக் கரையில் மீன் வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அங்கேயே கலியாணம், ஒரு மகன்.

தாயின் செத்தவீட்டுக்கு அவரால் வர முடியவில்லை. அவருடைய மனைவியின் செத்தவீட்டுக்கு இவளால் போக முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் கதைப்பார்கள். மீன் விலை, மழை, ஆருக்கு ஆர் சம்பந்தம் என்று கதை நீளும். பிறகு பிறகு அவர் கதைப்பது குறைந்தது. ஒரு ஞாயிறு, "ஆர் கதைக்கிறது?" என்று கேட்டார்.

சுவர்ணா, "மன்னிக்கவேணும், நம்பர் மாறிப்போச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"அவர் வெக்கப்படுவார், மாஸ்ரர்."

அதன் பிறகு மகன் தனோஜன் எடுத்தான். "மாமி, அப்பாவுக்கு இப்ப என்னையே மட்டுக்கட்டத் தெரியேல்லை. வயது போனாக்களைப் பாக்கிற இடத்திலை விட்டிருக்கிறன். சுருட்டு, சுருட்டு எண்டு ஒரே கரைச்சல். இஞ்சத்தைச் சுருட்டு வாங்கிக் குடுத்தன், மணந்துபோட்டு எறிஞ்சுபோட்டார். வாறதெண்டால் கெதியா வாங்கோ."

[தனோஜனை முதலில் நான் தகப்பனைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்ட பிள்ளையாகத்தான் எழுதினேன். கதைக்கு ஒரு குற்றவாளி இருந்தால் வசதி. சுவர்ணாவுக்கு வாசித்துக் காட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவன் வேலையை விட்டுப்போட்டு வீட்டிலை வைச்சுக் குளிப்பாட்டி, சோறு தீத்தி எடுத்தவன். ஒருநாள் தகப்பன் வீட்டை விட்டிறங்கிக் கடற்கரைக்குப் போய்ப் பனிக்குள்ளை விழுந்து கிடந்தார். அதுக்குப் பிறகுதான் அங்கை கொண்டுபோய் விட்டவன்." அந்தப் பக்கம் முழுவதையும் கிழித்தேன். இந்தக் கதையில் ஆரையும் திட்ட முடியாது. எழுதக் கஷ்டமாக இருப்பது அதனால்தான்.]

3

அவளுக்காகக் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தேன். இருந்ததெல்லாம் பணக்காரர் பிடிக்கும் சுருட்டுக்கான புத்திமதி. வாசனை மரத்தில் செய்த பெட்டி வேண்டும், ஈரப்பதம் காக்கும் பொட்டலம் வேண்டும் என்றது. எங்களுக்குப் பயன்பட்டவை சில: சுருட்டைப் பெரிய பெட்டியோடு பிளேனின் அடியில் ஏற்றக்கூடாது, கையோடு கொண்டுபோகவேண்டும். பிளேனுக்குள் காற்று காய்ந்தது, இலை வெடிக்கும். ஈரம் கூடினாலோ பூஞ்சணம் பிடிக்கும். சுருட்டு பக்கத்தில் இருப்பதன் மணத்தையும் இழுத்துக்கொள்ளும்.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் சுவர்ணா எழும்பிவிட்டாள். சுருட்டை அவள் மிளகாய்த்தூளுக்கும் கருவாட்டுக்கும் நடுவில் வைத்துக் கட்டியிருந்தாள்.

அடுத்த கிழமை வெறும் ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றோடு வந்தாள். கழுவி, வெயிலில் காயவைத்து, மணம் போய்விட்டதா என்று என் மனைவியிடமும் முகரக் கொடுத்தாள். பழைய பருத்திச் சேலையைக் கிழித்து அடியில் மெத்தைபோலப் போட்டாள். சுருட்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் துணியை இடையிடையே மடித்தாள். ஓட்டை போட்ட சின்ன டப்பா ஒன்றில் நனைத்துப் பிழிந்த ஸ்பொஞ்சை வைத்து ஒரு மூலையில் பொருத்தினாள். மூடினாள். திறந்தாள். ஒரு சுருட்டை எடுத்து மெல்ல அமத்திப் பார்த்தாள். திரும்ப மூடினாள்.

"ஒண்டிரண்டு உடைஞ்சால்தான் என்ன, சுவர்ணா?"

அவள் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவர் என்னை மறந்துபோனார். இதை மறக்கேல்லையாம். இதுவும் பழுதாப் போச்செண்டால் நான் என்னெண்டு சொல்லிக்கொண்டு அவருக்கு முன்னாலை போய் நிக்கிறது?"

இந்த இடத்தில் ஒரு உவமை எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. அவள் சொன்னதற்குப் பக்கத்தில் அது நிற்கவில்லை, எடுத்துவிட்டேன்.

4

'விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு எழும்ப, சுவர்ணா கீழே சிறுத்துக்கொண்டு போகும் தீவை…'

(இல்லை. அவளுக்குக் கிடைத்தது நடு இருக்கை. அவள் மேகமும் பார்க்கவில்லை, தீவும் பார்க்கவில்லை. மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தாள்.)

நடந்ததை மட்டும் சொல்கிறேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சோதனை செய்த பெண் பெட்டியைத் திறந்து சுருட்டுகளை ஒவ்வொன்றாக வெளியில் எடுத்து அடுக்கினாள். சுவர்ணாவுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. "அய்யாட்ட, அசனீப்பய்" என்றாள். அண்ணைக்கு, சுகமில்லை. அந்தப் பெண் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு எடுத்த ஒழுங்கிலேயே திரும்ப அடுக்கி, துணியையும் இழுத்துவிட்டு, மூடிக் கொடுத்தாள். ஒன்றுமட்டும் நுனியில் வெடித்திருந்தது.

(வாசிக்கிற உங்களுக்கு இங்கே ஏதாவது ஆபத்து வேண்டியிருக்கும். பெட்டி தொலைந்ததாக எழுதலாம், பறித்தார்கள் என்றும் எழுதலாம். இரண்டும் நடக்கவில்லை. கட்டாரில் பிளேன் மாறியபோது ஸ்பொஞ்ச் காய்ந்திருக்கக் கண்டு, குழாயடியில் நனைத்து, பிழிந்து, தன் சேலைத் தலைப்பில் ஒற்றி வைத்தாள். அவ்வளவுதான்.)

5

நோர்வேயில் பனி இன்னும் கரையவில்லை. அறைக்குள் புகைக்க முடியாதென்பதால் தனோஜன் தகப்பனைச் சக்கர நாற்காலியில் வைத்து முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். கால்மேல் ஒரு கம்பளி. சுவர்ணா பக்கத்திலிருந்த மர வாங்கில் உட்கார்ந்தாள். தன் மனதிலிருந்த ஆள் இவ்வளவு சின்னவரில்லை என்று அவளுக்குப் பட்டது.

"அண்ணை."

அவர் அவளைப் பார்த்தார். பார்வை அவளில் தங்கவில்லை. பக்கத்திலிருந்த மரத்துக்குப் போய்விட்டது.

"அண்ணை, நான் சுவர்ணா. மயிலிட்டியிலையிருந்து வாறன்."

"மயிலிட்டி" என்றார் அவர், கேட்டதைத் திருப்பிச் சொல்வதுபோல.

அவள் பெட்டியைத் திறந்தாள். அவருடைய கை தானாக வந்தது. ஒன்றை எடுத்தார். காதடியில் வைத்து விரல்களால் உருட்டினார். காய்ந்த சுருட்டு நொறுங்கிச் சத்தம் போடும். சத்தமில்லை. மூக்கடியில் பிடித்துக் கண்ணை மூடினார்.

"கொக்குவில்" என்றார்.

தனோஜன் மறுபக்கம் திரும்பிக்கொண்டு நெருப்பெட்டியைத் தேடினான்.

காற்றுக்குக் கையை மறைப்பாகப் பிடித்துப் பற்றவைத்தார். அந்தக் கைக்கு ஒன்றும் மறக்கவில்லை. பாதிவரை பத்தினார். அதன் பிறகு சுவர்ணா நடுங்குவதைக் கண்டார் போலிருக்கிறது. தன் கால்மேலிருந்த கம்பளியின் ஒரு பக்கத்தை இழுத்து அவளுடைய மடியில் போட்டார்.

"தங்கச்சி, குளிர்" என்றார்.

6

முடிவு என்னிடம் இல்லை.

எங்கள் ஊரில் கூடப்பிறந்தவளும் தங்கச்சிதான். பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாதவளும் தங்கச்சிதான். கூடப்பிறந்தவளுக்கு 'போர்த்து' என்போம், அந்நியப் பெண்ணுக்கு 'போர்த்துங்கோ' என்போம். வினைச்சொல் ஒன்று வாயிலிருந்து வந்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். அது வரவில்லை. கைதான் சொன்னது.

நான் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். 'போர்த்து, தங்கச்சி' என்று எழுதியபோது கதை நன்றாக முடிந்தது. 'போர்த்துங்கோ, தங்கச்சி' என்று எழுதியபோது இன்னும் நன்றாக முடிந்தது. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

அங்கே வேலைக்கு நிற்கிற பெண்களையும் அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவாராம். தனோஜன் அதை அவளிடம் சொல்லவில்லை. நான் போனில் கேட்டபோது எனக்குச் சொன்னான். சொல்லிவிட்டு, "ஆனால் ஆருக்கும் கம்பளி குடுத்து நான் காணேல்லை, மாஸ்ரர்" என்றான். சுவர்ணா திரும்பி வந்த அடுத்த மாதம் சிவரூபன் போய்ச் சேர்ந்தார்.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச்செலவுக்கு நான் மயிலிட்டிக்குப் போனேன். படையலுக்கு முன்னால் இருந்த சுவர்ணாவிடம், அவர் உங்களை அடையாளம் கண்டுதான் சொன்னாரா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"நீங்கள் எழுதுறியளோ, மாஸ்ரர்?"

"ஓம்."

"எதெண்டு எழுதிப்போடாதேங்கோ. எழுதினால் அதுதான் எண்டு ஆகியிடும்."

ஆகவே அவர் சொன்ன இரண்டு சொல்லையும் சொன்னபடியே விடுகிறேன். நீங்கள் ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உங்கள் குரலில் அது ஆருக்குச் சொன்னதுபோலக் கேட்டதென்று எனக்குச் சொல்லவேண்டாம். அவளுக்கும் சொல்லவேண்டாம்.