ஏஸ் ஜோடியும் ஈரக் கலவையும்

இடது தோளில் டின் உட்காருகிற இடத்தில் தோல் உரிந்து, அதன்மேல் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை டின்னை இறக்கும்போதும் சட்டையோடு தோலும் சேர்ந்து வந்தது. இடுப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாற்பத்து நாலு வயதில், காலை ஏழிலிருந்து பதினெட்டு லிட்டர் டின்னில் காங்கிரீட் சுமந்து சாய்வுப் பலகையில் ஏறி இறங்கியவனின் இடுப்பு அது.

இபிரிதே ஊரில் எங்கள் மேட்டுத் தெருவில் ஞாயிற்றுக்கிழமையானால் யார் வீட்டிலாவது தளம் போடுவார்கள். கூலி கிடையாது. இன்று உனக்கு நான் சுமந்தால் நாளை எனக்கு நீ சுமக்க வேண்டும். வீட்டுக்காரன் மதியம் கறுப்பு பீன்ஸும் பன்றிக்கறியும் போட்டு, பீரும் வாங்கித் தருவான். அன்று ஜெனிவால் வீட்டுத் தளம். ஜெனிவால் என் மகளுக்கு ஞானத்தந்தை. அதனால் நாங்கள் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவோம். என் வீட்டுக்கு இரண்டு தளம் சுமந்தவன். போகாமல் இருக்க முடியாது.

ஆனால் பதினோரு மணிக்கு எனக்கு வேறொரு வேலையும் இருந்தது. அது கால்சட்டைப் பையில், கைபேசிக்குள் இருந்தது.

முந்தின நாள் அறுபது ரெயால் கட்டி இணையத்தில் ஒரு போக்கர் போட்டியில் உட்கார்ந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் உட்கார்ந்தார்கள். ஒன்பது பேர் மிஞ்சியதும், மீதி ஆட்டம் நாளை பதினோரு மணிக்கு என்று மூடிவிட்டார்கள். ஒன்பதில் நான் ஒருவன். ஒன்பதாவதாக வெளியேறினால் ஆயிரத்து நானூறு ரெயால். ஐந்தாவதாக வெளியேறினால் ஐயாயிரத்து நூறு. கட்டடச் சாமான் கடையில் நானூறு லிட்டர் கலவை இயந்திரம் நாலாயிரத்துத் தொள்ளாயிரம். ஆகவே எனக்கு முதலிடம் வேண்டியதில்லை, ஐந்தாமிடம் போதும். இயந்திரம் வந்துவிட்டால் நான் கீழே அதன் பக்கத்தில் நிற்பேன். வாடகைக்கு விடுவேன். சுமக்கிறவர்கள் சுமப்பார்கள்.

பத்து ஐம்பத்தைந்துக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

“என்னடா ஆச்சு?” என்றான் தியாங். மண்வெட்டியால் கலவை புரட்டுகிறவன் அவன். அவன் வாயிலிருந்து ஒரு விஷயமும் தப்பிக்காது.

“வயிறு சரியில்ல.”

“சோறு இன்னும் வேகவே இல்ல. அதுக்குள்ள உனக்கு வயிறு கெட்டுப்போச்சா?”

கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். பக்கத்து வீட்டு இணையம் அங்கே நன்றாகக் கிடைத்தது. ஆட்டம் தொடங்கியது. நாலாவது கையிலேயே எனக்கு ஏஸ் ஜோடி விழுந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு, யாருக்கும் தெரியாமல் வரும். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக, முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று என்று விரிப்பார்கள். கைக்குள் இரண்டு ஏஸ் என்றால் அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. அதில்தான் சிக்கலும் இருக்கிறது. போட்டியின் கடைசியில் எல்லோரிடமும் சில்லுகள் குறைவு. ஒருவன் வெளியேறினால் மற்றவனுக்குப் பரிசு ஏறும். எல்லோரும் பயந்துகொண்டு இருப்பார்கள். பலமான சீட்டு வந்துவிட்டதே என்று மொத்தத்தையும் தூக்கிப் போட்டால் அத்தனை பேரும் ஓடிவிடுவார்கள். சின்னதாகக் கட்ட வேண்டும். இது எனக்குத் தெரியும். என் விரலுக்குத்தான் தெரியாது.

எங்கள் விரல்களில் ரேகை கிடையாது, சிமென்ட் தின்றுவிட்டது. ஒரு கட்டட வேலையில் வருகை பதிகிற இயந்திரம் இரண்டு வாரம் என் கட்டைவிரலை ஏற்கவில்லை. கணக்குப்படி நான் வேலைக்கே போகவில்லை. தொடுதிரையும் அப்படித்தான். வீட்டில் ரப்பர் முனை வைத்த பேனாவால் ஆடுவேன். அந்தப் பேனா அன்று வீட்டு மேசைமேல் கிடந்தது.

எவ்வளவு கட்டுவது என்பதைத் திரையில் ஒரு கோட்டை இழுத்துத்தான் சொல்ல வேண்டும். இழுத்தேன். நகரவில்லை. எச்சில் தொட்டு இழுத்தேன். நகரவில்லை. முடிவெடுக்கத் தருகிற பதினைந்து வினாடியில் எட்டு போய்விட்டது. ஓங்கி அழுத்தி இழுத்தேன். கோடு வழுக்கிக்கொண்டு கடைசிக்கே போனது. என் சில்லுகள் முழுவதும் நடுவில். எட்டுப் பேரும் சீட்டைப் போட்டுவிட்டு விலகினார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் கட்டாயமாகக் கட்டுகிற சில்லறை மட்டும் என்னிடம் வந்தது. ஏஸ் ஜோடிக்கு அவ்வளவுதான் கூலி.

கதவு அதிர்ந்தது.

“எதிமார், வெளிய வா. அரிசி கழுவத் தண்ணி வேணும்.” ஜெனிவாலின் அக்கா மரினால்வா. அந்த வீட்டில் ஒழுங்காகத் தண்ணீர் வரும் குழாய் அங்கே ஒன்றுதான்.

“அஞ்சு நிமிஷம் அக்கா.”

“நீ உள்ள போய் கால் மணி நேரம் ஆச்சு. ஒரு சத்தமும் இல்ல. செத்துட்டியா என்ன?”

திறந்தேன். திறந்தபோது கைபேசி கையில் இருந்தது, அதில் சீட்டு இருந்தது. மரினால்வா ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள். தம்பி வீட்டுத் தளம் என்பதால் அன்று ஒருநாள் காலை ஆராதனையை விட்டிருந்தாள். பேருந்து நிலையத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் விற்கிறாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“சூதாட்டமா? அதுவும் ஞாயித்துக்கிழம, என் தம்பி வீட்டுக் கக்கூஸ்லயா?”

“கலவை மெஷின் வாங்கத்தான் அக்கா. அஞ்சாவது இடம் வந்தாப் போதும்.”

அவள் வாளியை நிரப்பினாள். பிறகு, “இப்ப என்ன ஆச்சு? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?”

சொன்னேன்.

“அட மக்கு. எடுத்த எடுப்புல மொத்த விலையையும் சொன்னா எவன் நிப்பான்? பஸ்ஸுக்கு ஓடுறவன்கிட்ட இருபது ரெயால் சாப்பாடுன்னு கத்தினா ஓடியே போயிடுவான். காப்பி ஒரு ரெயால்னு சொல்லணும், நிப்பான். நின்னவன்கிட்ட ஒரு வடை காட்டணும். வடையக் கடிச்சவன் சாப்பாட்ட விட்டுட்டுப் போவானா? பாதி செலவு பண்ணிட்டான்ல.”

போக்கர் பாடம் சொல்லித்தருகிறவர்கள் ஒரு மணி நேரக் காணொளியில் வரைபடம் போட்டுச் சொல்வதும் இதைத்தான். அவர்கள் பணம் வாங்குகிறார்கள்.

“அக்கா, விரல் வேலை செய்யல. உங்க கை சுத்தமா இருக்கு. நீங்க இழுங்க.”

“நான் தொட மாட்டேன். ஆண்டவருக்கு என்ன பதில் சொல்றது?”

அடுப்படிக்கு அவள் பின்னாலேயே போனேன். அங்கும் இணையம் கிடைத்தது. பானையில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. பலகையில் சாசேஜ்கள் வெட்டக் காத்திருந்தன. திரையில் ஆறு பேர் மிஞ்சியிருந்தார்கள். எனக்கு இரண்டு ராஜா வந்தது. கடிகாரம் ஓடியது. விரலை வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மரினால்வா ஒரு பச்சை சாசேஜை எடுத்து அதன் முனையால் திரையைக் குத்தினாள். குத்திய இடத்தில் திரை சொன்னபடி கேட்டது.

“நான் தொடல,” என்றாள். “சாசேஜ் தொடுது. எவ்வளவு?”

“கட்டாயக் கட்டுல ரெண்டு மடங்கு.”

மாட்டரசன்77 என்று பெயர் வைத்திருந்த ஒருவன் மட்டும் கூட வந்தான். நடுவில் மூன்று சீட்டு விரிந்தது. அதில் ஒன்று ராஜா. எனக்கு மூன்று ராஜா. என் கை தன்னால் அந்தக் கோட்டின் கடைசிக்குப் போயிற்று. சாசேஜால் கையில் ஒரு அடி விழுந்தது.

“காப்பி,” என்றாள்.

நடுவில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு கட்டினோம். மாட்டரசனும் அதே அளவு கொடுத்தான். நாலாவது சீட்டு விழுந்தது. “வடை,” என்றாள். மறுபடி மூன்றில் ஒரு பங்கு. கொஞ்சம் யோசித்தான், கொடுத்தான். ஐந்தாவது சீட்டு விழுந்தபோது நடுவில் குவிந்திருந்ததும் என்னிடம் மிச்சம் இருந்ததும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன.

“இப்ப சோறு?”

“இப்ப சோறு அக்கா.”

“ஆண்டவரே மன்னியும்,” என்று சொல்லி சாசேஜைக் கடைசிவரை இழுத்தாள். மாட்டரசன் பன்னிரண்டு வினாடி தவித்தான். அவ்வளவு போட்டுவிட்டு விலக மனசு வரவில்லை, கொடுத்தான். அவனிடம் இருந்தது இரண்டு ஜோடி. என் சில்லுகள் இரண்டு மடங்காகிவிட்டன.

“பாவம், அவனும் புள்ளகுட்டிக்காரனா இருப்பான்,” என்றாள் மரினால்வா. குரலில் பாவம் அவ்வளவாக இல்லை. “அடுத்தது எப்ப?”

மேலே ஜெனிவால் கத்துவது கேட்டது. “எதிமார் எங்கடா? வரிசைல ஓட்ட விழுது.”

“அவன் வயித்துலதான் ஓட்ட,” என்று தியாங் பதில் கத்தினான். “பதினோரு மணிலேர்ந்து கக்கூஸ்லயே குடியிருக்கான்.”

போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஐந்தாமிடத்துக்கு இன்னும் ஒருவன் வெளியேற வேண்டும். நான் எதையும் தொடாமல் ஒவ்வொரு கையாக விலகிக்கொண்டிருந்தேன். அதற்கும் சாசேஜ் வேண்டியிருந்தது. இருபது நிமிடத்தில் ஒருவன் போனான். ஐயாயிரத்து நூறு நிச்சயம். மரினால்வா என் முதுகில் ஒன்று வைத்தாள், சரியாகத் தோல் உரிந்த இடத்தில். இன்னும் அரைமணியில் இன்னொருவனும் போனான். நாலு பேர். மாட்டரசன் அதற்குள் மற்றவர்களிடம் பிடுங்கி என்னைவிடப் பெரிய ஆளாகியிருந்தான்.

ஜெனிவால் அடுப்படி வாசலில் வந்து நின்றான். தலைமுடியிலிருந்து செருப்புவரை சிமென்ட். முதலில் என்னைப் பார்த்தான். பிறகு கைபேசிமேல் சாசேஜைப் பிடித்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தான்.

“என்ன நடக்குது இங்க?”

“சும்மா இருடா, எதிமார் ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்துல இருக்கான்,” என்றாள் அக்கா.

“கொம்பாத்ரே, மேல கலவை இறுகுது. பாதித் தளம் காஞ்சு போச்சுன்னா ஒட்டு விழும். ஒட்டு விழுந்தா மழைக்கு ஒழுகும். ஒழுகினா உன் வீட்டுக்கா ஒழுகும்?”

“ஒரே ஒரு நிமிஷம்.”

“ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு.”

அந்த நேரம் பார்த்து ஏஸ் ஜோடி வந்தது. காலையில் வந்து வீணாய்ப் போனதே, அதே ஜோடி. மரினால்வா மூச்சை இழுத்துக்கொண்டு, “காப்பி,” என்றாள் மெதுவாக.

ஜெனிவால் நகரவில்லை. அவன் கால்சட்டையிலிருந்து ஈரக் கலவை தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே பத்துப் பேர் எனக்குப் பதிலாகச் சுமந்துகொண்டிருந்தார்கள். காப்பி, வடை, சோறு என்று மூன்று தவணை போக எனக்கு நேரம் இல்லை. முகமும் இல்லை. அவள் கையிலிருந்து சாசேஜைப் பிடுங்கிக் கடைசிவரை இழுத்தேன்.

மற்ற இரண்டு பேரும் விலகினார்கள். மாட்டரசன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கொடுத்துவிட்டான். முதலில் நான் கழிப்பறையில் கை வழுக்கிப் போட்டதை அவன் பார்த்திருக்கிறான். இவன் கண்டதுக்கும் மொத்தமாகப் போடுகிறவன் என்று குறித்து வைத்திருக்கிறான். அவன் கையில் இருந்தது இரண்டு பத்து. ஐந்தில் நாலு தடவை நான் ஜெயிக்கிற இடம் அது. ஐந்தாவது சீட்டாக இன்னொரு பத்து விழுந்தது, அவனுக்கு மூன்று பத்து ஆயிற்று.

நான்காமிடம். ஆறாயிரத்துத் தொள்ளாயிரம்.

“காப்பின்னு சொன்னேன்ல,” என்றாள் மரினால்வா. “மெதுவாப் போயிருந்தா, பத்து வந்ததும் நிறுத்தியிருக்கலாம்ல?”

நிறுத்தியிருக்க மாட்டேன். அந்த இடத்தில் ஏஸ் ஜோடியை எவனும் கீழே போட மாட்டான். எப்படிப் போனாலும் அந்தப் பத்து என்னைத் தின்றிருக்கும். இதை அவளிடம் சொல்லவில்லை. சாசேஜை வெந்நீரில் கழுவிப் பானையில் போட்டாள். நான் டின்னை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

தளம் மூன்று மணிக்கு முடிந்தது. ஒட்டு விழவில்லை. எனக்குப் பதிலாகச் சுமந்தவர்கள் ஓட்டமாக ஓடியிருக்கிறார்கள். சாப்பிடும்போது யாரும் என்னோடு சண்டை போடவில்லை. தியாங் மட்டும், “இதுல எந்த சாசேஜ்டா நாலாயிரம் பேர ஜெயிச்சது?” என்று கேட்டான். ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று திருத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். ஜெனிவால் சிரிக்கவில்லை.

புதன்கிழமை பணம் வந்தது. வெள்ளிக்கிழமை இயந்திரம் வந்தது. மஞ்சள் நிறம். கடைக்காரன் சக்கரத்துக்கு எண்ணெய்கூடப் போட்டுத் தந்தான். நேரே ஜெனிவால் வீட்டு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

“கொம்பாத்ரே, அடுத்த மாடிக்கு மொத்தக் கலவையும் இதுல. வாடக வேணாம். டீசலும் என்னோடது.”

ஜெனிவால் இயந்திரத்தைச் சுற்றி வந்தான். தட்டிப் பார்த்தான். உள்ளே தலையை விட்டுப் பார்த்தான். “நல்ல மெஷின்,” என்றான்.

“அப்ப அன்னிக்கு நடந்ததுக்கு சரியாப் போச்சுல்ல?”

“எது சரியாப் போச்சு? இது கலக்கும். பலகையில ஏறுமா? தியாங் கரித்துண்டால செவுத்துல கோடு போட்டு வச்சிருக்கான். நீ அடுப்படில இருந்த நேரத்துக்கு முப்பத்தெட்டு டின். அத உனக்காக மத்தவங்க சுமந்தாங்க. மெஷின் எனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல, நீதான் தரணும்.”

“மெஷின் பக்கத்துல யாராவது நிக்கணுமே கொம்பாத்ரே.”

“அக்கா நிப்பா. கத்துக்குவா. சுவிட்சத் தொட அவளுக்கு சாசேஜ் வேணாம்.”

சுவரில் அந்தக் கோடுகள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன். ஐந்து ஐந்தாகக் கட்டி, கடைசியில் மூன்று. தியாங் ஏமாற்றவில்லை.

இரண்டாம் மாடித் தளம் போடப் பலகை அடித்து முடித்துவிட்டார்கள். மழையால் இரண்டு ஞாயிறு தள்ளிப்போயிருக்கிறது. ஜெனிவாலுக்கு நான் முப்பத்தெட்டு டின் காங்கிரீட் தோளில் சுமந்து தர வேண்டும். இன்னும் தரவில்லை.